பல்லணு அயனிகளின் லூயி அமைப்புகள்

சென்னையின் மயிலாப்பூர், அடையாறு போன்ற பகுதிகளில் பல வீடுகள் கிணற்று நீரையும் பயன்படுத்துகின்றன. கழிவுநீர் மண்ணில் கசியும்போது, அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியம் அயனி உருவாகிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதனை நைட்ரேட் அயனியாக ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. இரு அயனிகளிலும் மைய அணு நைட்ரஜனே. ஆனால் மின்சுமை எதிரெதிரானது. 1916 இல் கில்பர்ட் நியூட்டன் லூயி வெளியிட்ட எலக்ட்ரான் இரட்டைக் கருத்தைக் கொண்டு இவற்றின் அமைப்புகளை வரையலாம்.

வரையும் படிநிலைகள்

1. அனைத்து அணுக்களின் இணைதிறன் எலக்ட்ரான்களையும் கூட்டுக. எதிரயனி எனில் மின்சுமைக்குச் சமமான எண்ணிக்கையைக் கூட்டுக. நேரயனி எனில் கழிக்க.
2. மைய அணுவைப் பிற அணுக்களுடன் ஒற்றைப் பிணைப்புகளால் இணைக்க.
3. எஞ்சியவற்றை, ஹைட்ரஜன் நீங்கலான வெளி அணுக்களின் எண்மம் நிறைவுறுமாறு தனித்த இரட்டைகளாக அமைக்க. மீதமிருப்பின் மைய அணுவிற்கு அளிக்க.
4. மைய அணு எண்மம் பெறாவிடில், வெளி அணுவின் தனித்த இரட்டையைப் பிணைப்பு இரட்டையாக மாற்றுக.
5. அமைப்பைச் சதுர அடைப்புக்குறிக்குள் வரைந்து, வலப்புற மேல்மூலையில் மின்சுமையைக் குறிப்பிடுக.

எடுத்துக்காட்டு 1: அம்மோனியம் அயனி

நைட்ரஜனின் 5, நான்கு ஹைட்ரஜன்களின் 4 ஆகியவற்றின் கூடுதல் 9. மின்சுமை +1 ஆதலால் ஒன்றைக் கழிக்க, 8 கிடைக்கிறது. நான்கு ஒற்றைப் பிணைப்புகளில் இவையனைத்தும் நிறைவடைகின்றன. நைட்ரஜனில் தனித்த இரட்டை இல்லை. ஒரு பிணைப்பு ஈதல் சகப்பிணைப்பாகத் தோன்றினும், உருவான பின் நான்கும் சமமானவையே.

எடுத்துக்காட்டு 2: நைட்ரேட் அயனி

நைட்ரஜனின் 5, மூன்று ஆக்சிஜன்களின் 18, மின்சுமைக்காக 1 ஆக மொத்தம் 24. மூன்று ஒற்றைப் பிணைப்புகளுக்கு 6 செலவாகின்றன. எஞ்சிய 18 எலக்ட்ரான்களை ஆக்சிஜன் அணு ஒன்றிற்கு 6 வீதம் அளித்த பின், நைட்ரஜனைச் சுற்றி 6 மட்டுமே உள்ளன. எனவே ஓர் ஆக்சிஜனின் தனித்த இரட்டை, இரட்டைப் பிணைப்பாக மாற்றப்படுகிறது.

முறைசார் மின்சுமை: நைட்ரஜன் +1, ஒற்றைப் பிணைப்புள்ள ஆக்சிஜன்கள் ஒவ்வொன்றும் −1, இரட்டைப் பிணைப்புள்ள ஆக்சிஜன் 0. கூடுதல் −1, இது அயனியின் மின்சுமைக்குச் சமம். இவ்விரட்டைப் பிணைப்பை மூன்று ஆக்சிஜன்களில் எதனுடனும் வரையலாம். ஆகவே மூன்று உடனிசைவு அமைப்புகள் உண்டு. மூன்று பிணைப்புகளின் நீளமும் சமம்.

குறிப்பு: நைட்ரஜனுக்கு இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஓர் ஒற்றைப் பிணைப்பும் வரைதல் பிழை. இரண்டாம் கூட்டில் எட்டு எலக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை.

உங்களுக்குத் தெரியுமா?

களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. அது அம்மோனியம் நேரயனியைப் பற்றிக்கொள்கிறது. நைட்ரேட் எதிரயனியைப் பற்றுவதில்லை. எனவே நைட்ரேட் மழைநீருடன் இறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. குடிநீரில் அதன் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என இந்தியத் தரநிலை வரையறுக்கிறது. மிகுதியான நைட்ரேட் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு உயரும்.

தன்மதிப்பீடு

1. நைட்ரைட், கார்பனேட் அயனிகளின் லூயி அமைப்புகளை வரைக.
2. ஹைட்ரோனியம் அயனியில் ஆக்சிஜனின் முறைசார் மின்சுமையைக் கணக்கிடுக.