இணையம் இல்லாத அரை மணி நேரம்

இணையம் நின்றுவிட்டால் மனம் தானாகவே அமைதியாகிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். எமது நாட்டின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவோடு கருத்தடை மாத்திரை கலக்கப்படுவதாக ஒரு வதந்தி கிளம்பியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது தொடர்பான காணொளி பேஸ்புக்கில் பரவியது. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டிதான் என்பது பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. அடுத்து கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டபோது, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியது. ஒரு வாரமளவில் தடை நீடித்தது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மீண்டும் தடைகள் வந்தன.

அந்நாட்களில் மக்கள் அமைதியாக இருந்தார்களா? பலர் வீ.பி.என். செயலிகளைத் தேடித் தரவிறக்கினர். பூட்டிய கதவின் முன்னே காத்து நிற்பது அமைதியல்ல. நாமே விரும்பிக் கதவைச் சாத்தும்போதுதான் அமைதி பிறக்கிறது.

இது எமக்குப் புதிய பாடமல்ல. நபி (ஸல்) அவர்கள் வஹீ வருமுன் ஹிறா குகையில் தனித்திருந்தார்கள். றமழானின் இறுதிப் பத்து நாட்களில் இஃதிகாப் இருந்தார்கள். தொழுகையின் பின் 33 தடவை சுப்ஹானல்லாஹ், 33 தடவை அல்ஹம்துலில்லாஹ், 34 தடவை அல்லாஹு அக்பர் என ஓதுகிறோம். திரையைத் தள்ளும் அதே விரல்களில்தான் அவற்றை எண்ணுகிறோம். அவசரப்படாமல் எண்ணினால் அதுவே முதல் பயிற்சி.

கைபேசியை அடியோடு விட்டுவிட முடியாது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டது முதல் பாடக் குறிப்புகளும் அதில்தான் வருகின்றன. ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. சுபஹ் தொழுத பின் அரை மணி நேரம் டேட்டாவைத் திறப்பதில்லை. கைபேசி வேறு அறையில் இருக்கும். முதல் சில நாட்கள் மனம் அங்கேயே ஓடும். ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதைத் துரத்தினால் இன்னும் ஓடும். பிறகு கடலின் இரைச்சல் கேட்கத் தொடங்கும். நேற்றுப் படித்த பாடத்தில் விளங்காத இடம் எதுவென்றும் தெரியத் தொடங்கும்.

பெற்றோர்களே, பிள்ளையின் கைபேசியைப் பறிப்பதால் இது வராது. அந்த அரை மணி நேரம் உம்மாவும் வாப்பாவும் தங்கள் கைபேசிகளையும் ஒதுக்கி வைத்தால், சொல்லாமலே பிள்ளைகள் பழகிக்கொள்வர்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரதுல் ஹுஜுராத் எமக்குக் கட்டளையிடுகிறது. விசாரிக்கப் பொறுமை வேண்டும். அரை மணி நேரம் சும்மா இருக்கத் தெரிந்தவளால், கையில் கிடைத்த காணொளியைப் பகிராமல் அரை மணி நேரம் பொறுத்திருக்கவும் முடியும். அம்பாறையில் அன்று தேவைப்பட்டதும் அந்தப் பொறுமைதான்.

நாளைய சுபஹிலிருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.