சொந்தமாகக் கட்டும் விமானத்தில் மின் ஃப்ளாப்: சில குறிப்புகள்

அமெரிக்காவில் கிட் வாங்கி, வீட்டு கராஜிலேயே விமானம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆரிகன் மாநிலத்து வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசைக்கு அவர்களிடையே தனி மவுசு. பழைய ஆர்.வி.களில் ஃப்ளாப்பை (தரையிறங்கும்போது கீழே இறக்கும் இறக்கையின் பின்விளிம்புப் பலகையை) கையால் இழுக்க நெம்புகோல் இருந்தது. இப்போது பெரும்பாலும் மோட்டார்தான். அதைப் பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில் முதலில் தெளிவாக இருங்கள். ஃப்ளாப் இறங்க மறுத்தால், சற்று வேகம் கூட்டி, நீளமான ஓடுதளமாகப் பார்த்து இறங்கிவிடலாம். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் விமானம் பக்கவாட்டில் உருளும். ஒரே மோட்டார் ஒரே குறுக்குக் குழாயைத் திருப்ப, அதிலிருந்து இரு இறக்கைக்கும் தண்டு போகும் அமைப்பு இதற்காகவே இருக்கிறது. இறக்கைக்கு ஒரு மோட்டார் என்று மாற்றிவிடாதீர்கள்.

2. மோட்டார் தண்டின் நுனியில் திருகியிருக்கும் ராட் எண்ட், அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று வரக்கூடும். முழுவதும் கழன்றால் காற்றின் அழுத்தத்தில் இரு ஃப்ளாப்பும் சட்டென்று மேலே போய்விடும், அதுவும் தரைக்கு அருகில். லாக் நட்டை மட்டும் நம்பாமல் சேஃப்டி ஒயர் போட்டு முறுக்குங்கள். ஆண்டுதோறும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

3. விரலை எடுத்ததும் தானாக நடுவுக்குத் திரும்பும் சுவிட்ச் வாங்குங்கள். மோட்டார் இரு திசையிலும் சுழல வேண்டும். பிளஸ், மைனஸ் இடம் மாறுவதற்காகச் சுவிட்சின் பின்புறம் ஒயர்களைக் குறுக்காக இணைக்க வேண்டும்.

4. சுவிட்சை எங்கே வைப்பது? இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு ஃப்ளாப்பை மடக்குவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். இரண்டு சுவிட்சும் அருகருகே, ஒரே மாதிரி இருந்ததே காரணம் என்று உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ் கண்டுபிடித்தார். சக்கரத்துக்கு ரப்பர் சக்கரக் குமிழ், ஃப்ளாப்புக்கு ஆப்பு வடிவக் குமிழ் என்று வைத்ததும் தவறு நின்றது. உங்கள் விமானத்தில் சக்கரம் மடங்காது என்றாலும் எரிபொருள் பம்ப் சுவிட்ச் இருக்கிறதே. அதன் பக்கத்தில் ஃப்ளாப் சுவிட்சை வைக்காதீர்கள். ஃப்ளாப்புக்குத் தட்டையான குமிழ் போடுங்கள். பார்க்காமலே கை கண்டுபிடிக்க வேண்டும்.

5. ஸ்டிக் பிடியில் உள்ள சின்னப் பொத்தான்கள் மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்காது. நடுவில் ரிலே வேண்டும். ரிலே சுருளுக்குக் குறுக்கே டையோடு போடுங்கள்.

6. ரிலேயின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் ஃப்ளாப் தானாக ஓடும். ஆகவே இந்தச் சர்க்யூட்டுக்கு, கைக்கெட்டும் இடத்தில், வெளியே இழுக்கக்கூடிய பிரேக்கர் நல்லது. பிரேக்கர் காப்பது ஒயரைத்தான்: 22 கேஜுக்கு 5 ஆம்பியர், 20க்கு 7, 18க்கு 10 என்பது கட்டுவோரின் வழக்கம். பி.வி.சி. உறையுள்ள சாதாரண ஒயர் வேண்டாம். எரிந்தால் வரும் புகை நச்சு.

7. தகட்டுத் துளை வழியே ஒயர் போகுமிடமெல்லாம் ரப்பர் வளையம்.

8. ஃப்ளாப் கடைசி நிலையை எட்டியதும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே சரியான திசையில் டையோடு வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வரை போன ஃப்ளாப் திரும்பாது.

9. தரையில் சோதிக்கும்போது காற்றின் எதிர்ப்பு இல்லை. மோட்டார் குறைவாகவே மின்சாரம் இழுக்கும். அதைப் பார்த்து பிரேக்கரின் அளவை முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் லெவல் வைத்து இடது, வலது கோணங்களை மேலே, பாதியில், கீழே என மூன்று நிலையிலும் ஒப்பிடுங்கள்.

10. சொந்தமாக விமானம் கட்டுவோரின் ஈ.ஏ.ஏ. சங்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள். விமானம் கட்டி அனுபவப்பட்ட தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. தரைப் பலகையைத் திருகி மூடுவதற்கு முன்பே ஒருவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.