பழைய சரக்கு தீருமுன் புதுச் சரக்கை இறக்கலாமா?



ஆடி மாதம் முதல் வாரம் ஒரு பிஸ்கட் கம்பெனியின் விற்பனையாளர் நம் கடைக்கு வந்தார். "புதுப் பாக்கெட் வந்திருக்கு முதலாளி, அதே விலை, இருபது கிராம் கூடுதல், பத்துப் பெட்டி எடுத்தா ஒரு பெட்டி இலவசம்" என்றார். "பழசு பதினோரு பெட்டி உள்ளே கிடக்கே, அதை என்ன செய்ய?" என்று கேட்டோம். "அதுவும் ஓடும் முதலாளி" என்று சிரித்தார். நாமும் ஆசைப்பட்டு எடுத்தோம். புதுப் பாக்கெட்டை முன் தட்டில் வைத்த மூன்றாம் நாளே பழையதைத் தொட ஆள் இல்லை. சின்னப் பிள்ளைகள்கூட "அது வேண்டாம், பெரிசு கொடுங்க" என்று கேட்கிறார்கள்.

இந்தச் சங்கடம் நம் மெயின் பஜாருக்கோ மந்தாரக்குப்பத்துக்கோ மட்டும் உரியதன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில், கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரித்து விற்ற இரண்டு சகோதரர்களுக்கும் இதே கேள்வி வந்தது. விளையாட்டுக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். அந்தச் சகோதரர்கள் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள்.

முதலில் சரக்கு என்னவென்று பார்ப்போம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் சிங்க்ளேர் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம்' என்ற சிறிய கம்ப்யூட்டரை 125 பவுன் விலையில் வெளியிட்டது. ரப்பர் பட்டன்கள் வைத்த கறுப்புப் பெட்டி. வீட்டு டிவியோடு இணைத்துவிட்டால் அதுவே திரை. விளையாட்டுகள் சாதாரண ஆடியோ கேசட்டில் வரும். டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும், சில நிமிடங்களில் விளையாட்டு கம்ப்யூட்டருக்குள் ஏறிவிடும். நம் நாட்டிலும் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் 1988-ல் உரிமம் பெற்று இதை விற்றது.

கேசட் என்றதும் உறுப்பினர்களுக்கு அதன் தொல்லையும் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு ரிக்கார்டிங் சென்டர் இருந்தது. காலி கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் மாலையில் பதிந்து தந்துவிடுவார்கள். ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் பத்துப் பேர் பதிந்துகொள்வார்கள். விளையாட்டுக் கேசட்டுக்கும் அதே கதிதான். இரண்டு டேப் ரிக்கார்டர், நடுவில் ஒரு வயர், வேலை முடிந்தது.

இந்தச் சரக்கில்தான் டிம் ஸ்டாம்பர், கிறிஸ் ஸ்டாம்பர் என்ற சகோதரர்கள் 1982-ல் இறங்கினார்கள். ஊர் லெஸ்டர்ஷயர் மாவட்டத்து ஆஷ்பி-டி-லா-ஸூச். பெயர்தான் நீளம், ஊர் சின்ன சந்தை ஊர். சில மைல் தள்ளி கோல்வில் என்று ஓர் ஊர் உண்டு, பெயரிலேயே நிலக்கரி இருக்கிறது. சுற்றுப்புறம் முழுக்கச் சுரங்கத் தொழிலாளர் பூமி. நெய்வேலிக்காரருக்கு அந்தக் காற்று அந்நியமாக இருந்திருக்காது. சகோதரர்களின் குடும்பம் அங்கே பேப்பர் கடை வைத்திருந்தது. நம் பெட்டிக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையை அடுத்த வீடே இவர்களுடைய பட்டறை. கிறிஸ் மின்சுற்றும் நிரலும் பார்த்தார், டிம் படம் வரைந்தார், டிம் மணக்க இருந்த கேரல் வார்டும் நண்பர் ஜான் லேத்பரியும் கூட இருந்தார்கள். கடைகளில் இவர்களுடைய பெயர் 'அல்டிமேட் பிளே தி கேம்'.

1983-ல் வந்த 'ஜெட்பேக்' என்ற முதல் விளையாட்டு 5 பவுன் 50 பென்சுக்கு விற்றது. மூன்று லட்சம் கேசட்டுக்கு மேல் போயிற்று. அந்த ஒரே ஆண்டில் இன்னும் ஐந்து விளையாட்டுகளை இறக்கினார்கள். பேட்டி கொடுப்பது அபூர்வம். பத்திரிகைக்காரர்கள் போன் செய்து ஓய்ந்து போனார்கள். அது திட்டமிட்ட மர்மம் என்று எழுதியவர்கள் உண்டு. நமக்கு என்னவோ, இருந்த நாலைந்து பேருக்கும் வேலை சரியாக இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

1984-ல்தான் நாம் படிக்க வேண்டிய பகுதி வருகிறது.

அந்த ஆண்டு 'சேபர் உல்ஃப்' என்ற விளையாட்டை இறக்கியபோது விலையை 5.50-லிருந்து 9.95 பவுனாக உயர்த்தினார்கள். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 80 ரூபாய்ச் சரக்கு 150 ரூபாய் ஆயிற்று. கேசட்டைப் பெரிய, அழகான அட்டைப் பெட்டியில் வைத்தார்கள். திருட்டுப் பதிவு மலிந்த காலத்தில் யாராக இருந்தாலும் விலையைக் குறைத்துப் போட்டியிடத்தான் நினைப்பார்கள். இவர்கள் கணக்கு வேறு: அதிகப் பணம் கொடுத்து வாங்கியவன் அதைப் பொக்கிஷமாக வைத்திருப்பான், எடுத்தவுடன் நண்பனுக்குப் பதிந்து கொடுக்க மனம் வராது. மூன்றரை லட்சம் விற்றதாகச் சொல்கிறார்கள். பெட்டி அழகாக இருந்ததற்கும் இதில் பங்கு உண்டு. திருமணச் சீருக்கு வாங்குகிற முந்திரியைப் பண்ருட்டிக்காரர் எப்படிக் கட்டிக் கொடுக்கிறார் என்று கவனித்திருப்பீர்கள்.

ஆனால் அந்த விளையாட்டு கடைக்கு வந்தபோது, அதைவிட மிக மேலான இன்னொன்று பட்டறையில் தயாராகிவிட்டிருந்தது. அதன் பெயர் 'நைட் லோர்'. அதுவரை வந்த விளையாட்டுகளில் உருவங்கள் கோலம் போல் தட்டையாக இருக்கும். இதில் அறையும் மேசையும் கல்லும் ஒரு மூலையிலிருந்து சாய்த்துப் பார்ப்பது போல் கனபரிமாணத்தோடு தெரிந்தன. சகோதரர்கள் பின்னாளில் 1988-ல் ஒரு பேட்டியில் இதை ஒப்புக்கொண்டார்கள்: நைட் லோரை முதலில் வெளியிட்டிருந்தால் சேபர் உல்ஃபை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் புதுச் சரக்கை உள்ளே வைத்துவிட்டுப் பழையதை முதலில் விற்றார்கள். 1984 நவம்பரில், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு முன், நைட் லோர் வெளியே வந்தது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மற்ற தயாரிப்பாளர்கள் அதே பாணியைப் பல ஆண்டுகள் பின்பற்றினார்கள்.

இதை நாம் முழு மனதோடு மெச்சுகிறோமா? இல்லை. பத்துப் பவுன் கொடுத்து வாங்கிய பையனுக்கு, அதைவிடச் சிறந்தது தயாராக இருப்பது தெரியாது. வேறொருவன் அதே உத்தியோடு முந்தியிருந்தால் சகோதரர்கள் தலையில் துண்டு போட்டிருக்க வேண்டியதுதான். இன்னொன்று: கேசட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. கடலை மாவுக்கும் பிஸ்கட்டுக்கும் உண்டு. எனவே அப்படியே எடுத்து நம் கடையில் பொருத்த முடியாது. ஆனால், கையில் என்ன இருக்கிறது, அது தீர எத்தனை நாள், அடுத்தது எந்த வாரம் என்ற கணக்கு அந்தச் சின்ன வீட்டில் இருந்தது.

அதே காலத்தில் இந்தக் கணக்கு இல்லாத ஒரு பெரிய இடமும் இருந்தது. லிவர்பூல் நகரத்து 'இமேஜின்' நிறுவனம். மார்க் பட்லர், டேவிட் லாசன் என்ற இளைஞர்கள் 1982-ல் தொடங்கினார்கள். முதல் விளையாட்டே நன்றாக ஓடியது. விலை உயர்ந்த கார்கள் வந்தன, மோட்டார் பைக் பந்தயத்துக்குச் சொந்த அணி வந்தது. 1983 கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு யோசனை செய்தார்கள். கேசட் பிரதி எடுத்துத் தரும் பெரிய ஆலை ஒன்றின் நேரம் முழுவதையும் தாங்களே பிடித்துக்கொண்டால், போட்டியாளர்களுக்குப் பண்டிகைச் சரக்கே கிடைக்காது அல்லவா? பிடித்தார்கள். போட்டியாளர்கள் வேறு இடங்களில் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பண்டிகை முடிந்தபோது இமேஜின் கையில் விற்காத கேசட்டுகள் லட்சக்கணக்கில் தங்கிவிட்டன.

இதைப் படித்தபோது நமக்கு ஒரு பொங்கல் நினைவுக்கு வந்தது. நம் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், ஊருக்கு வரும் மண்டை வெல்லத்தை எல்லாம் மார்கழியிலேயே வளைத்துப் போட்டார். "இந்த வருஷம் வெல்லத்துக்கு எல்லாரும் என் கடைக்குத்தான் வரணும்" என்றார். போகிக்கு இரண்டு நாள் முன்னால் சேலம் பக்கத்திலிருந்து லாரிகள் வந்து சாலையோரமே நின்று விற்றுவிட்டுப் போயின. மாசியில் அவர் குடோனைத் திறந்தபோது வெல்லம் கசிந்து சாக்கு நனைந்து தரையெல்லாம் பிசுபிசு. எறும்புக்குத்தான் பொங்கல். அந்தக் கடனை அடைக்க அவருக்கு இரண்டு தீபாவளி ஆயிற்று.

இமேஜினுக்கு இரண்டு தீபாவளி கிடைக்கவில்லை. பணம் முடங்கிய நேரத்தில், நாற்பது பவுன் விலையில் 'மெகா' விளையாட்டுகள் வரப்போகின்றன என்று விளம்பரம் மட்டும் செய்துகொண்டிருந்தார்கள். பட்டறையில் அவை முடியவே இல்லை. கடைசியில் பத்திரிகை விளம்பரத்துக்கான பாக்கிதான் வழக்காகி, 1984 ஜூலை 9 அன்று நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைத்தது. வெற்றிக் கதையைப் படமெடுக்க வந்த பி.பி.சி. குழுவினர், வாசலில் ஜப்தி ஆட்கள் நிற்பதையும் சேர்த்துப் படமெடுத்தார்கள்.

ஒருவர் தயாராக இருந்த சரக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. மற்றவர் தயாராகாத சரக்கைத் தம்பட்டம் அடித்தார்.

இடையில் மூன்றாவதாக ஒரு வழியும் வந்தது. 1984-ல் 'மாஸ்டர்ட்ரானிக்' என்ற நிறுவனம் 1 பவுன் 99 பென்சுக்கே விளையாட்டுக் கேசட்டுகளைப் பேப்பர் கடை, பெட்ரோல் பங்க் என்று கண்ட இடமெல்லாம் கொண்டுபோய் வைத்தது. பிள்ளைகள் கைச்செலவுக் காசிலேயே வாங்கினார்கள். அந்த விலைக்குத் திருட்டுப் பதிவு செய்யும் சிரமமே வீண் என்று ஆயிற்று. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இடமில்லை.

ஸ்டாம்பர் சகோதரர்கள் அந்த மலிவுச் சந்தையில் மோதவில்லை. 1985-ல், 'அல்டிமேட்' என்ற பெயருக்கு இன்னும் நல்ல விலை கிடைத்த வேளையிலேயே அதை யு.எஸ். கோல்ட் என்ற நிறுவனத்துக்கு விற்றார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ இயந்திரத்துக்கு அதற்கு முன்பே பாடம் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்; அதற்கென 'ரேர்' என்ற புது நிறுவனம் கண்டார்கள். அங்கே விளையாட்டு கேசட்டில் வருவதில்லை, எளிதில் பதிய முடியாத சில்லுப் பெட்டியில் வரும். 2002-ல் மைக்ரோசாஃப்ட் ரேரை வாங்கியபோது கொடுத்தது 37 கோடியே 50 லட்சம் டாலர். 2007-ல் சகோதரர்கள் விலகிக்கொண்டார்கள்.

இனி நம் பயிற்சிக்கு வருவோம். அடிக்கடி புது உருவில் வரும் பொருள் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: சோப்பு, பிஸ்கட், மசாலாப் பொடி என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் கையிருப்பு, வாரத்துக்கு எவ்வளவு ஓடுகிறது என்று எழுதுங்கள். பதினோரு பெட்டி, வாரம் இரண்டு என்றால் ஐந்தரை வாரம். நம் ஊரில் எல்லா வாரமும் ஒன்றல்ல. சம்பள வாரம் தனி, மாதக் கடைசி வாரம் தனி, போனஸ் வாரம் முற்றிலும் தனி. இரண்டு மாதம் எழுதினால்தான் உண்மையான எண் கிடைக்கும். பக்கத்தில் காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது ஐந்தரை வாரத்துக்குள் விழுந்தால் காத்திருக்க வழியில்லை, பழையதை அன்றே விலை குறைத்துத் தள்ள வேண்டும். விற்பனையாளர் வந்து 'ஸ்கீம் இன்றோடு முடிகிறது' என்று சொல்லும்போது நோட்டைத் திறந்து, எந்தத் தேதிக்குப் புதுச் சரக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். பழைய பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதையும் பில் போடுமுன் கேளுங்கள், பின்னால் கேட்டால் பதில் வராது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் அந்த நோட்டை எடுத்து வர வேண்டுகிறோம். நம் நோட்டும் வரும். அந்தப் பதினோரு பெட்டியில் நான்கு இன்னும் உள்ளேதான் இருக்கின்றன.