காக்பிட் கருவிகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பறக்கும் விமானத்தில் விமானி அறையின் திரை ஒன்று அணைந்தால் விமானம் விழுந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், பயணிகள் விமானத்தில் உயரம், வேகம், சாய்வு ஆகியவற்றுக்கு ஒரே கருவியை நம்பியிருப்பதில்லை. கேப்டன் முன்னால் ஒன்று, துணை விமானி முன்னால் ஒன்று, நடுவில் மாற்றாக ஒன்று. ஒவ்வொரு இன்ஜினும் தனியே மின்சாரம் தருகிறது. எல்லாம் நின்றாலும் பேட்டரி இருக்கிறது. அணைந்த திரை தன் பழுதைத் தானே அறிவித்துவிடுகிறது. அஞ்ச வேண்டியது, ஒழுங்காக ஓடுவதுபோல் இருந்துகொண்டு தவறாகக் காட்டும் கருவியைத்தான்.

அப்படி ஒன்று 1978 ஜனவரி 1 இரவு நடந்தது. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, ‘எம்பரர் அசோகா’ என்ற போயிங் 747, இரண்டு நிமிடங்களுக்குள் பாந்த்ரா கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. குண்டு வெடித்திருக்கும் என்றே அப்போது பலர் நம்பினார்கள். சிதைவுகளில் வெடிப்பின் தடயம் இல்லை. கேப்டனின் செயற்கை அடிவானம், அதாவது விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, பழுதாகியிருந்தது. வலப்புறத் திருப்பம் முடிந்து விமானம் நேரான பிறகும் அது வலச்சாய்வையே காட்டியது. அதைச் சரிசெய்ய அவர் இடப்பக்கம் சாய்த்தார். சாய்வு 90 பாகையையும் தாண்டிப் போனது. மற்ற கருவிகளைக் கொண்டு விமானத்தை மீட்கத் தவறியதையும் விசாரணை சுட்டிக்காட்டியது. அந்தத் தவறைப் பற்றி எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. கீழே இருண்ட கடல், மேலே இருண்ட வானம். ஒப்பிட்டுப் பார்க்கச் சில நொடிகளே இருந்தன.

அனுபவமுள்ள விமானிக்கு உடம்பே சாய்வைச் சொல்லிவிடாதா என்ற கேள்வி எழும். சொல்லாது. சென்னையில் பூந்தமல்லி சாலையிலிருந்து மதுரவாயலில் பைபாஸுக்கு ஏறும் வளைவில் பஸ் திரும்பும்போது, கண்ணை மூடியிருப்பவரும் வெளிப்பக்கம் தள்ளப்படுவதை உணர்வார். விமானம் அப்படியல்ல. அது திருப்பத்துக்கு ஏற்றபடி சாய்ந்துகொள்வதால் உடல் எடை இருக்கையை நோக்கியே அழுந்தும். பக்கவாட்டில் தள்ளல் தெரியாது. உட்காதின் திரவமும் சீரான சுழற்சிக்குச் சிறிது நேரத்தில் பழகிவிடும். அடிவானம் கண்ணில் படாத இரவில் கருவிகளே கண்.

இன்றைய கம்ப்யூட்டர் விமானங்களில் இதெல்லாம் நேராது என்பதும் சரியல்ல. 2018 செப்டம்பர் 11 அன்று டெல்லியிலிருந்து 370 பேருடன் நியூயார்க் போன ஏர் இந்தியா 101, ஒரு போயிங் 777. இறங்கும் நேரத்தில், மேகம் தாழ்ந்திருந்த வேளையில், ஓடுதளத்துக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். அலைவாங்கிகள், தானியங்கித் தரையிறக்கம், மோதல் தவிர்ப்புக் கருவி என ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ரேடியோ உயரமானிகளில் ஒன்றுதான் மிஞ்சியது. விமானிகள் பழுதுகளை ஒவ்வொன்றாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி, எரிபொருளைக் கணக்கிட்டு, பக்கத்து நகரமான நெவார்க்கில் பத்திரமாக இறக்கினார்கள்.

விமானம் வழிமாறி வேறு ஊரில் இறங்கினாலோ, இறங்க வந்து மீண்டும் மேலெழுந்தாலோ, மயிரிழையில் தப்பியது என்று பேசப்படுகிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லி சென்ற ஏர் இந்தியா விமானம், தொழில்நுட்பக் கோளாறு என்ற சந்தேகத்தாலும் மோசமான வானிலையாலும் சென்னைக்குத் திருப்பப்பட்டது. முதல்முறை இறங்க வந்தபோது மேலெழும்பியது கட்டுப்பாட்டு அறை சொல்லித்தான் என்று நிறுவனம் விளக்கியது. மேலெழுந்து சுற்றிவருவது ஒவ்வொரு விமானியும் பயிற்சி பெறும் வழக்கமான செயல். சந்தேகம் வந்தவுடன் அருகிலுள்ள தகுந்த ஓடுதளத்தைத் தேடுவதும் அப்படியே.