அறை எண் எதற்கு?

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஆப்பில் சாப்பாடு ஆர்டர் செய்தால் என் நம்பரும் முகவரியும் யாருக்கெல்லாம் போகும்?
- கல்லூரி மாணவி, திருப்பூர்

பதில்: டெலிவரி தம்பியை நினைத்துப் பயப்படுகிறீர்கள் போல. ஆனால் பெரிய கசிவுகள் நிறுவனத்தின் கணினியிலிருந்துதான் நடந்திருக்கின்றன. 2017-இல் சொமேட்டோவில் 1.7 கோடிக் கணக்குகளின் விவரம் திருடுபோனது. 2021-இல் டொமினோஸ் இந்தியா விவரங்கள் கசிந்தபோது, போன் நம்பரைத் தட்டினால் பீட்சா எந்த வீட்டுக்குப் போனது என்பதே தெரிந்தது. பணவிவரம் பத்திரம் என்றது நிறுவனம். தனியாகத் தங்கும் பெண்ணுக்கு முகவரி அதைவிடப் பெரிசு அல்லவா! தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அதனால் சட்டத்தை மட்டும் நம்பாமல், கொடுக்கும் விவரத்தை நீங்களே குறையுங்கள். உங்கள் ஊரில் பக்கத்துப் பனியன் கம்பெனி பெயரைச் சொன்னாலே சந்து தெரிந்துவிடும். டெலிவரிக்கு அந்த அடையாளம் போதும். அறை எண் எழுதாமல், வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். லொகேஷன் அனுமதியையும் ஆப் திறந்திருக்கும்போது மட்டும் கொடுங்கள்.