வீட்டுக் கொல்லையில் காய்கறியும் பூவும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் முன்னாளில் ஏரிப் பாசனத்தால் பிழைத்த கிராமங்களாகும். 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னர் வயல்கள் பலவும் மனைகளாக மாறின. காய்கறி விளைவித்த குடும்பங்களே இன்று காய்கறியை விலை கொடுத்து வாங்குகின்றன. ஆயினும், வீட்டின் பின்புறம் சிறிது மண்ணுள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திற்கு வேண்டும் கீரையிலும் காயிலும் ஒரு பகுதியைத் தாமே விளைவித்துக்கொள்ளலாம். அதற்குரிய முறை கீழே கூறப்படுகிறது.

நீரின் அளவே தோட்டத்தின் அளவு

தோட்டம் போடுவோர் முதலில் விதையைத் தேடுவது வழக்கம். ஆனால் முதலில் கணக்கிட வேண்டுவது நீரேயாம். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, குடிநீருக்கே ஜனங்கள் குடங்களுடன் வரிசையில் நின்றதை எவரும் மறக்கவில்லை. அத்தகைய காலத்தில் குடிக்கும் நீரைச் செடிக்கு ஊற்றுவது தகாது. ஆகையால் சமையலறையில் கழித்துவிடும் நீரைக் கொண்டே தோட்டத்தை அமைத்தல் வேண்டும்.

ஐந்து பேருள்ள ஒரு குடும்பத்தில் அரிசி களைந்த நீர், காய் அலம்பிய நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவை நாளொன்றுக்கு 70 லிட்டர் சேருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்குத் தினம் ஏறக்குறைய 5 லிட்டர் வேண்டும். எனவே 14 சதுர மீட்டர், அதாவது சுமார் 150 சதுர அடியே அக்குடும்பம் கோடையிலும் காப்பாற்றத் தக்க தோட்டமாகும். இஃது ஒரு சென்டு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு மேல் பாத்தி கட்டுவோர் சித்திரையில் செடிகள் காய்வதைக் காண நேரும். சவர்க்கார நீரை நேரே ஊற்றாமல், மணலும் சரளையும் இட்டுக் கல்வாழை நட்ட ஒரு சிறு குழியின் வழியே விட்டு, வேரடியில் மாத்திரம் பாய்ச்ச வேண்டும். கீரையின் இலை மேல் படலாகாது. நீரைத் தொட்டியில் மூடாமல் தேக்கினால் ஒரு வாரத்திற்குள் கொசு பெருகி டெங்குக் காய்ச்சலுக்கு இடமாகும்.

மண்

புது மனைகளில் மேலே செம்மண்ணும் அடியில் இடித்த கட்டடத்தின் செங்கல், சுண்ணாம்பும் இருப்பதுண்டு. ஒன்றரை அடி ஆழம் வெட்டிப் பார்த்துக் கல்லை நீக்கி, மக்கிய சாண எருவும் இலைக் குப்பையும் கலத்தல் வேண்டும். முன்னோர் ஏரி வண்டலை இட்டனர். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியின் வண்டலை இப்போது காய்கறிக்கு இடலாகாது. அதிலுள்ள ஈயம் முதலிய உலோகங்கள் கீரையின் வழியே உடலிற் சேரும்.

பட்டமும் பயிரும்

ஆடியில் வெண்டை, கத்தரி, அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றைத் தொடங்கலாம். வெண்டை விதையை ஓரிரவு ஊறவைத்து ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றினால் 45 நாளில் காய் பறிக்கலாம். கத்தரியை நாற்றங்காலில் விட்டு, ஒரு மாதத்திற்கு மேற்பட்ட நாற்றை இரண்டடிக்கு ஒன்றாக நட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நீர் தேங்கி வேர் அழுகுமாதலால் பாத்தியை அரையடி உயர்த்திக் கட்டி, வடிகால் விடுவது அவசியம். முளைக்கீரையை மழை ஓய்ந்தபின் தையில் விதைத்தால் 25 நாளில் பிடுங்கலாம். பெரியகுளத்தில் உருவாகி 1989-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம். 1 என்னும் முருங்கையை விதையிலிருந்தே வளர்க்கலாம். ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். அதனையும் மேட்டிலேயே வைக்க வேண்டும்.

பெயரிலேயே பூவைக் கொண்ட பூவிருந்தவல்லியின் சுற்றுப்புறத்தாருக்கு மல்லிகையின் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெயில் படும் வேலியோரம் நாலடிக்கு ஒன்றாகக் குண்டுமல்லி வைத்து, கார்த்திகையில் ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்தால் பங்குனி முதல் பூக்கும். பாத்தியின் விளிம்பில் துலுக்கச் சாமந்தி நடுவது அழகுக்கு மட்டுமன்று. வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவையும் அது குறைக்கும்.

பூச்சிகளுக்கு விஷமருந்து வேண்டா. லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளித்தாற் போதும்.

சங்கத்தின் கடமை

ஒரு குடும்பத்திற்கு ஒரு சிட்டிகைக் கத்தரி விதையே போதும். ஆயினும் அவர் ஒரு பொட்டலம் வாங்கி மிகுதியை வீணாக்குகிறார். பத்து அங்கத்தினர் சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கி, ஒரே நாற்றங்காலில் விட்டு, நாற்றைப் பகிர்ந்துகொண்டால் செலவு பத்திலொன்றாகும். இதற்குக் கடன் வேண்டியதில்லை, ஒற்றுமையே மூலதனம். 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டிலேயே கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்ற திரூர், ஆவடிக்கு மேற்கே, செவ்வாப்பேட்டைக்கு அருகில்தான் உள்ளது. அங்கே பணத்திற்காகத் தொடங்கிய கூட்டுறவு, இங்கே நாற்றுக்கும் விதைக்கும் பரவுதல் அரிதன்று. அங்கத்தினர்கள் வரும் ஆடிக்கு முன்னரே தம் வீட்டில் கழியும் நீரை ஒரு வாரம் அளந்து குறித்துக்கொள்வார்களாக. பாத்தியின் அளவை அக்குறிப்பே கூறிவிடும்.