தினமும் ஒரே பொய் சொல்லும் மெஷின்: எடை பார்க்க எதை வாங்கலாம்?

போன சித்திரையில் டாக்டர் என்னை ஐந்து கிலோ குறைக்கச் சொன்னார். அன்று மாலை அவருடைய கிளினிக்கில் நர்ஸ் குறித்துக்கொண்ட எடை 80.1. மறுநாள் காலை வீட்டு மெஷினில் ஏறினேன்: 78.4. அந்த வாரமே ஜிம்மில் சேரப் போனபோது அங்கிருந்த பயிற்சியாளர் ஏற்றிப் பார்த்தார்: 77.6. ஒன்றுமே செய்யாமல் இரண்டரைக் கிலோ குறைந்துவிட்டது, பாதி வேலை முடிந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். “அப்ப இன்னும் ரெண்டு மெஷின்ல ஏறி இறங்குடா, மீதியும் குறைஞ்சிடும்” என்றார்.

அதோடு நிற்கவில்லை. வீட்டு மெஷினைக் காலால் தள்ளிப் பக்கத்து டைல்ஸில் வைத்து ஏறினால் 77.2. பழைய இடத்தில் வைத்தால் மறுபடி 78.4. மெஷின் கெட்டுவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்று கிளம்பியவன், வாங்குவதற்கு முன் கொஞ்சம் விசாரித்தேன். விசாரித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சரியான எடையா, ஒழுங்கான எடையா?

பல வீடுகளில் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார்கள். அதனால் யாரும் பஸ்ஸைத் தவறவிடுவதில்லை. பத்து நிமிடத்தைக் கழித்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள். இன்று பத்து நிமிடம் முந்தியும் நாளை ஐந்து நிமிடம் பிந்தியும் ஓடுகிற கடிகாரம்தான் தொல்லை.

எடை மெஷினும் அப்படித்தான். எப்போதும் ஒன்றரைக் கிலோ குறைத்துக் காட்டுகிற மெஷினை வைத்துக்கொண்டு தாராளமாக உடம்பைக் குறைக்கலாம். 78-லிருந்து 75-க்கு வந்தால் மூன்று கிலோ குறைந்தது நிஜம். ஆளையும் இடத்தையும் பார்த்து மாறி மாறிச் சொல்கிற மெஷினால் ஒரு பயனும் இல்லை. பெட்டியில் “100 கிராம் துல்லியம்” என்று அச்சிட்டிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அந்த மெஷின் எண்ணை நூறு நூறு கிராமாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கு மேல் அதில் அர்த்தமில்லை. 78.4 என்று தசம எண் வந்துவிட்டதால் அது சரியாகிவிடாது.

ஆகவே, தினமும் ஒரே பொய்யைச் சொல்லும் மெஷின் எது? அதைத்தான் தேட வேண்டும்.

மெஷினைத் திட்டுவதற்கு முன்

உடம்பின் எடையே ஒரு நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் சொம்பளவு எடை கூடும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியோ, ஊறுகாயும் அப்பளமுமாக ஒரு கல்யாண விருந்தோ சாப்பிட்டால், உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திங்கட்கிழமை எண் எகிறும். உடம்பு மாவுச்சத்தைச் சேமித்துவைக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் எடை கூடிக் குறைவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஒரே ராத்திரியில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் அவ்வளவையும் சாப்பிட்டிருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. காலையில் கூடியிருக்கும் ஒரு கிலோ பெரும்பாலும் தண்ணீர்தான்.

என் கிளினிக் கணக்கும் வீட்டுக் கணக்கும் மோதியதில் பாதி இதனால்தான். அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பேன்ட், பெல்ட், பர்ஸ், மொபைல் எல்லாவற்றோடும் ஏறினேன். இங்கே வெறும் வயிற்றில் லுங்கியோடு.

இனி மெஷின்களைப் பார்ப்போம்.

ஸ்பிரிங் மெஷின்

முள்ளோ சுழலும் தட்டோ உள்ள பழைய வகை. பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், பல வருஷம் உழைக்கும். முன்பக்கம் அல்லது அடியில் உள்ள சின்னச் சக்கரத்தைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். கொண்டுவரவும் வேண்டும், ஒவ்வொரு முறையும்.

குறைகள் இரண்டு. நாளாக ஆக ஸ்பிரிங் தளரும். பாத்ரூம் ஈரத்தில் துருவும் பிடிக்கும். இரண்டாவது, படிப்பதில் வரும் தவறு. நின்றபடி குனிந்து பார்ப்பவருக்கு ஒரு கோடும், எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேறு கோடும் தெரியும். குனிந்தால் உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்து முள்ளும் ஆடும். மாதம் ஒருமுறை “ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா” என்று பார்க்க இது போதும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைப்பவருக்கு இது காட்டும் மாற்றத்தை நம்ப முடியாது.

டிஜிட்டல் மெஷின்

கண்ணாடித் தட்டின் நான்கு மூலைக் கால்களிலும் லோடு செல் என்ற சென்சார் இருக்கும். பாரம் ஏறும்போது உள்ளே இருக்கும் உலோகம் மயிரிழை அளவு வளையும். வளைவதற்கு ஏற்ப மின்தடை மாறும். அதை எடையாகக் கணக்கிட்டுக் காட்டும். நான்கு கால்களும் தரையில் ஒழுங்காக ஊன்றினால்தான் கணக்கு சரியாக வரும். என் வீட்டில் ஒரு கால் டைல்ஸ் இணைப்புப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. 1.2 கிலோ மாயமானது அந்தப் பள்ளத்தில்தான். மிதியடி, கார்ப்பெட் மேல் வைத்தாலும் இதே கதி.

நகர்த்திய பிறகு உடனே ஏறுவதும் தப்பு. மெஷினைத் தூக்கி வைத்தாலோ சாய்த்து வைத்தாலோ அது தன் பூஜ்யத்தை மறந்துவிடும். காலால் ஒருமுறை தட்டி, 0.0 காட்டி அணைந்த பிறகு ஏறுங்கள். பேட்டரி தீரும் நேரத்திலும் எண் தடுமாறும்.

ஆயிரம் ரூபாயைச் சுற்றியே நல்ல டிஜிட்டல் மெஷின் கிடைத்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரி. ஆனால் இதில் ஒரு தந்திரம் உண்டு. சோதனைப் பகுதியில் சொல்கிறேன்.

ஸ்மார்ட் மெஷின்

எடையோடு கொழுப்பு, தசை, எலும்பு, தண்ணீர், “உடம்பின் வயது” என்று பத்துப் பதினைந்து எண்களை புளூடூத் வழியாக போனுக்கு அனுப்பும். எடையைப் பார்ப்பது அதே நான்கு லோடு செல்கள்தான். கூடுதல் காசு கொடுத்ததால் எடை கூடுதல் சரியாக வராது. கொழுப்பின் அளவை நேரடியாக அளப்பதும் இல்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து, வயது, உயரம், பாலினம் ஆகியவற்றோடு சேர்த்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தீர்களா, இப்போதுதான் குளித்தீர்களா என்பதைப் பொறுத்தே அந்த ஊகம் மாறும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மின்சாரச் சோதனையைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இதில் உள்ள ஒரே உண்மையான லாபம், எழுதிவைக்க மறந்தாலும் போன் எழுதிவைத்துக்கொள்ளும் என்பது. நோட்டில் எழுதும் பழக்கம் உள்ளவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

குண்டை நகர்த்தும் மெஷின்

பழைய ஆஸ்பத்திரிகளில் ஆள் உயரத்துக்கு நிற்கும். நர்ஸ் மேலே உள்ள கம்பியில் குண்டை நகர்த்தி நகர்த்திச் சமன்செய்வார். இதுதான் அசல் தராசு. ஸ்பிரிங்கும் லோடு செல்லும் பூமி நம்மை இழுக்கும் விசையை அளக்கின்றன. அந்த விசை ஊருக்கு ஊர் மாறும். லண்டனில் வைத்துச் சரிபார்த்த ஒரு மெஷினை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால், 70 கிலோ ஆளை ஏறக்குறைய 200 கிராம் குறைத்துக் காட்டும். குண்டுத் தராசு பாரத்தைப் பாரத்தோடு ஒப்பிடுவதால் அதற்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் விலையும் அதிகம், இடமும் அடைக்கும். வீட்டுக்குத் தேவையில்லை.

வெளியே பார்ப்பது

ரயில்வே ஸ்டேஷனில் விளக்குகள் மினுமினுக்க நின்ற மெஷினில் காசு போட்டு, ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சிட்ட அட்டையை எடுத்த ஞாபகம் பலருக்கு இருக்கும். இரண்டையும் ஒரே அளவு நம்பினால் போதும். கிளினிக், ஜிம், பிளாட்பார மெஷின் என்று இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் குழப்பத்துக்கே மூலம்.

ஒரே ஒரு வெளி மெஷின் மட்டும் உபயோகப்படும்: மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசு. வியாபாரத் தராசுக்கு எடையளவுச் சட்டப்படி ஆண்டுதோறும் சோதனையும் முத்திரையும் உண்டு. எங்கள் தெருக் கடையில் அரிசி மூட்டையை வாங்கும்போது, “அண்ணாச்சி, இதை ஒருதரம் தராசுல வையுங்க” என்றேன். “ஏன் தம்பி, சந்தேகமா?” என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. “அரிசி மேல இல்ல அண்ணாச்சி, என் மேல” என்று விளக்கம் சொன்ன பிறகு சிரித்துக்கொண்டே வைத்தார். 25.15 கிலோ, சாக்கோடு.

நான்கு சோதனைகள்

அந்த மூட்டையை வைத்து எந்த மெஷினையும் விசாரிக்கலாம். கடையில் வாங்கும்போதே முதல் மூன்றையும் செய்யலாம்.

1. ஐந்து முறை ஏறி இறங்குங்கள். எண்கள் 200 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

2. இப்போது மொபைலைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். போன் சுமார் 200 கிராம் இருக்கும். எண் கூடியாக வேண்டும். முன்பு காட்டிய அதே எண் அச்சு மாறாமல் வந்தால், நான் சொன்ன தந்திரம் இதுதான்: சில மெஷின்கள் கடைசி எடையை நினைவில் வைத்திருக்கும். புது எடை அதற்குக் கிட்டத்தில் இருந்தால், பழைய எண்ணையே மறுபடி காட்டிவிடும். “ஆஹா, என்ன ஒழுங்கு!” என்று நாம் வியக்க வேண்டும் என்பதற்காக. நமக்கு வேண்டியது ஒழுங்கான பொய். இது ஒழுங்காக இருப்பதாகவே சொல்லும் பொய். அப்படிப்பட்டதை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு பையையோ பக்கெட்டையோ ஏற்றி இறக்கி நினைவை அழித்துவிட்டு ஏறுங்கள்.

3. குதிகாலில் சாய்ந்தும், முன்பாதத்தில் ஊன்றியும் பாருங்கள். அரைக் கிலோ மாறினால் மூலைகள் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

4. வீட்டில், தனியாக ஏறிப் பாருங்கள். பிறகு யாராவது மூட்டையை எடுத்துக் கையில் கொடுக்க, அதோடு ஏறுங்கள். முதுகுவலி உள்ளவர்கள் பத்துக் கிலோ பையை வைத்துச் செய்யலாம். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் மூட்டையின் எடையாக இருக்க வேண்டும். எனக்கு 25.0 வந்தது. பள்ளத்திலிருந்து மீட்ட பழைய மெஷினே தேறிவிட்டது; புதிது வாங்கவில்லை.

யாருக்கு எது?

உடம்பைக் குறைக்கவோ கூட்டவோ நினைப்பவருக்கு, சோதனையில் தேறிய சாதாரண டிஜிட்டல் மெஷின். எழுதச் சோம்பல்படுபவருக்கு ஸ்மார்ட். மாதத்துக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவருக்கு, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பிரிங் மெஷின்.

இதயம் பலவீனமானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் எடை என்பது உடம்பில் தேங்கும் நீரின் கணக்கு. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு மூன்றே நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆகவே அவர்களிடம் நினைவுத் தந்திரம் உள்ள மெஷின் இருக்கவே கூடாது. கைக்குழந்தைக்குப் பெரியவர்கள் மெஷின் ஆகாது. தூக்கிக்கொண்டு ஏறி நம் எடையைக் கழித்தால், நூறு கிராம் இரண்டு பக்கமும் தவறலாம். குழந்தைக்கு அந்த நூறு கிராம் பெரிது. ஐந்து, பத்து கிராம் காட்டும் குழந்தைத் தராசில்தான் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: தையல்காரரின் இஞ்ச் டேப். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டிய இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கை. டேப்புக்குப் பேட்டரியும் கிடையாது, நினைவாற்றலும் கிடையாது.

பார்க்கும் முறை

மெஷினைக் கெட்டியான, சமமான தரையில் வைத்து, இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். காலையில் டாய்லெட் போய்வந்த பிறகு, காபிக்கு முன்பு, ஒரே மாதிரி உடையில், ஒருமுறை. எழுதிவையுங்கள். எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் வராத நாளும் குறிக்கிற மாதக் காலண்டரிலேயே என் எடையும் ஏறியது. ஒரு வாரம்: 78.4, 78.9, 78.1, 79.2, 78.6, 78.2, 77.9. நான்காவது எண்ணைப் பார்த்தால் டிபனை நிறுத்தத் தோன்றும். கடைசி எண்ணைப் பார்த்தால் இனிப்பு கேட்கும். இரண்டும் வேண்டாம். ஏழையும் கூட்டி ஏழால் வகுத்தால் 78.5. அடுத்த வாரச் சராசரியை இதோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆவணியில் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனேன். அதே மாலை நேரம், அதே பேன்ட், பெல்ட், பர்ஸ், மொபைல். நர்ஸ் 77.4 என்று எழுதினார். அன்று காலை வீட்டில் 75.6. என் எடை எவ்வளவு என்பதில் இரண்டு மெஷினுக்கும் இன்னமும் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு குறைந்தது என்று கேட்டால் கிளினிக் மெஷின் 2.7 என்கிறது, வீட்டு மெஷின் 2.8 என்கிறது. அந்த நூறு கிராமுக்காக நான் யாரோடும் சண்டை போடவில்லை.